வேம்பக்கா மேல ஏறின செம்பு

சிதம்பரத்துக்குப் பக்கத்துல இருக்கற எங்க பட்டறைத் தெருவுல வீட்டுக்கு வீடு கவரிங் வேலைதான், ஒரு வீட்டுல கம்பி இழுப்பாங்க, ஒரு வீட்டுல கண்ணி கோப்பாங்க, ஒரு வீட்டுல தொட்டியில முக்கித் தங்கம் ஏத்துவாங்க, நடக்கப் பழகற குழந்தைக்குக் கூட பிளஸ் ஒயர் எது மைனஸ் ஒயர் எதுன்னு தெரியும், அப்படிப்பட்ட தெருவுலதான் எங்கக்கா வேம்புவுக்கு ஒம்பதாம் மாசம் வளைகாப்பு வச்ச வாரத்துல அவ மேல செம்பு ஏற ஆரம்பிச்சுது.

ஏத்தினது நான். அவ தங்கச்சி தில்லை, காலேஜ்ல கெமிஸ்ட்ரி ரெண்டாம் வருஷம், எதைப் படிச்சாலும் அன்னைக்கே வீட்டுல செஞ்சு பாத்துடணும் எனக்கு.

அக்காவோட மாமியார், காத்து கருப்பு அண்டக்கூடாதுன்னு ஆறாம் மாசத்துல அவ வலது கையில ஒரு இரும்புக் காப்பு போட்டு அனுப்பியிருந்தாங்க. அது துருப்பிடிச்சுக் கருகருன்னு இருந்துச்சு. வளைகாப்புக்குப் பட்டுப்புடவை கட்டி, ரெண்டு கையிலயும் கண்ணாடி வளையல் அடுக்கி, நடுவுல இந்தக் கருப்பு இரும்போட போட்டோவுல நிக்க மாட்டேன்னு அக்கா உக்காந்துட்டா. கழட்டலாம்னா கை வீங்கிக் காப்பு மணிக்கட்டுல இறுகிப் போயிருந்துச்சு, சோப்பு போட்டும் வரல. அப்ப நான் சொன்னேன், கழட்டவே வேணாம் வேம்பு, கையோட வச்சே செம்பு ஏத்திடறேன், ரோஸ் கலர்ல பளபளன்னு வரும்னு.

சத்தியமா ரொம்ப ஈஸி அது. ஒரு லிட்டர் வெந்நீர்ல நாலு ஸ்பூன் மயில்துத்தம், அதான் காப்பர் சல்பேட், போட்டா தண்ணி மயில் கழுத்து மாதிரி நீலமா மாறும். ஆறினதும் கொஞ்சம் வினிகர். அப்பறம் ஒரு ஒம்பது வோல்ட் பேட்டரி, ரெண்டு ஒயர். பிளஸ்ல ஒரு செம்புக் கம்பியைக் கட்டித் தண்ணியில விடணும், மைனஸ்ல எதுக்குப் பூச்சு வேணுமோ அதைக் கட்டி விடணும், அவ்வளவுதான், பிளஸ்ல இருக்கற செம்பு கண்ணுக்குத் தெரியாம கரைஞ்சு நீந்தி வந்து மைனஸ்ல இருக்கறது மேல போய் ஒட்டிக்கும். முன்னாடியே புளி போட்டுத் தேச்சு அழுக்கெல்லாம் எடுத்துடணும். நான் காப்பை, காப்போட சேத்துக் கையையும், புளியும் உப்பும் போட்டுத் தேச்சேன். அக்கா பிளாஸ்டிக் டப்புல கையை விட்டுகிட்டு, ஷாக் அடிக்குமாடின்னு கேட்டா, எறும்பு கடிச்சா கூட இதைவிட அதிகமா வலிக்கும்னு நான் சிரிச்சேன். பதினஞ்சு நிமிஷத்துல காப்பு புதுப் பாத்திரம் மாதிரி ஆயிடுச்சு. போட்டோவுல எல்லாரும் அதைத்தான் பாத்தாங்க.

மறுநாள் காலையில செம்பு காப்பைத் தாண்டி ரெண்டு பக்கமும் ஒரு விரக்கடை தோல் மேல வந்து நின்னுச்சு.

அக்கா அதை நகத்தால சுரண்டிப் பாத்தா, வரல, அம்மாகிட்ட காட்டினா, அம்மா கலியபெருமாள் பெரியப்பாவைக் கூப்பிட்டு வந்தாங்க, ஏன்னா தெருவுலயே பெரிய தொட்டி அவரோடதுதான், பூச்சு சமாச்சாரத்துல அவர் சொன்னா அதுக்கு மேல பேச்சு கிடையாது. அவர் கண்ணுல லென்ஸை மாட்டிகிட்டு அக்கா கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, புள்ளி இல்ல, குமிழ் இல்ல, ஓரம் கூட கருகல, இவ்வளவு சீரா என் தொட்டியில ஒரு நாளும் ஏறினதில்லன்னாரு. அம்மா முகத்துல ஒரு நிமிஷம் பெருமை கூட வந்துச்சு. அப்பறம் அவர் காப்பை அறுத்து எடுத்துடலாம்னு சொல்லி, துணி சுத்தி, மெல்லிசு ரம்பத்தால அறுத்து எடுத்துட்டாரு. காப்பு போயிடுச்சு, அடியில இருந்த தோலும் செம்பாத்தான் இருந்துச்சு. மறுநாள் அது முழங்கைக்குப் பாதி வழி ஏறியிருந்துச்சு.

எங்கேர்ந்து வருது இவ்வளவு செம்புன்னு எங்க தெருவுல யாரும் கேக்கல. டப்புல இருந்த கம்பியை நான் எடை போட்டுப் பாத்தேன், அது ஒரு பொட்டு கூடக் குறையல, அதைச் சொன்னப்ப கூட யாரும் காதுல வாங்கல. எல்லாரும் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், எதுவரைக்கும் வந்திருக்கு. பால்காரர் கேட்டாரு, கேஸ் சிலிண்டர் போட வந்தவர் கேட்டாரு, முருகையன் மாமா, அதான் அக்காவோட வீட்டுக்காரர், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில ஷிப்ட் முடிச்சதும் போன் போட்டு முதல்ல கேக்கறதும் அதுதான். ஆஸ்பத்திரியில டாக்டரம்மா பாத்துட்டு, ரத்தம் எடுத்து, எல்லாம் நார்மல், தோல் நிறம் மாறியிருக்குன்னு சீட்டுல எழுதி இரும்புச் சத்து மாத்திரை குடுத்து அனுப்பினாங்க.

விரல் எல்லாம் மடங்குச்சு, வேலை செஞ்சா, சோறு பிசைஞ்சா. ஆனா தொட்டா தெரியல. சுடுதண்ணியும் பச்சைத்தண்ணியும் ஒண்ணுதான்னா. வலது கை முழுக்க ஏறி, தோள் வழியா நெஞ்சு மேல கோடா இறங்கி, அந்தப் பக்கம் இடது கையும் செம்பாச்சு, அது நடந்த அன்னைக்கு அக்கா என்னைக் கூப்பிட்டு வயித்தைக் காட்டி, கொஞ்சம் கையை வச்சுச் சொல்லுடி, உதைக்குதான்னு கேட்டா. வயித்துக்குள்ள உதைக்கறது உனக்கே தெரியாதான்னு கேட்டேன். உள்ள தெரியுது, கையில தெரியல, கையில தெரிஞ்சாத்தான் நம்ப முடியுதுன்னா. அதுலேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ நான் கையை வச்சு, உதைக்குது, உதைக்குதுன்னு சொல்லிகிட்டே இருந்தேன், சில சமயம் உதைக்காதப்பவும் சொன்னேன்.

தெருவுக்கு இது பழகிப் போறதுக்கு ஒரு வாரம் கூட ஆகல. முதல்ல எதிர்வீட்டு பங்கஜம் அத்தைதான் ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து, ஒரே ஒரு நாழி கையை இதுல விட்டுகிட்டு இரும்மா, செம்புத் தண்ணி வெறும் வயித்துல குடிச்சா மூட்டுவலி போகும்னு டிவியில சொல்றான்னாங்க. மறுநாள் நாலு சொம்பு, அதுக்கு மறுநாள் தெருமுனை வரைக்கும் குடமும் பாட்டிலும் வரிசையா நின்னுச்சு, வெளியூர்லேர்ந்து சர்க்கரை வியாதிக்காரங்க வந்தாங்க, ஆட்டோக்காரங்க எங்க வீட்டுக்கு செம்பு வீடுன்னு பேர் வச்சாங்க, அக்கா வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து ரெண்டு பக்கமும் ரெண்டு வாளியில கையை விட்டுகிட்டு இருந்தா, சின்னப் பசங்க கரண்டியால அவ கையில தட்டி யாரு தட்டினா நல்லா சத்தம் வருதுன்னு போட்டி வச்சாங்க, அவளும் சிரிச்சுகிட்டுத்தான் இருந்தா. நல்லது நடக்குதுன்னு நினைச்சுக்கறேன்டி, பயம் கொஞ்சம் குறையுதுன்னு என்கிட்ட மட்டும் சொன்னா.

அதுக்கு நடுவுல அம்மாவுக்குப் புளி வாங்கி மாளல. செம்புல ஏறின எதையும் எடுக்கப் புளியை விட்டா வேற என்ன இருக்கு எங்களுக்கு, அதனால காலையில ஒரு தடவ, மதியம் ஒரு தடவ, விளக்கு வைக்கறப்ப ஒரு தடவ, அம்மாவும் பங்கஜம் அத்தையும் சேந்து அக்காவை உக்கார வச்சுப் புளியும் உப்பும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேச்சாங்க, செம்பு இருக்கற இடத்தையும் தேச்சாங்க, இல்லாத இடத்தையும் வராம இருக்கட்டும்னு தேச்சாங்க, செவ்வாய் வெள்ளி தலைக்கு ஊத்தி சீயக்காய் போட்டு உடம்பெல்லாம் ஒரு பிசுக்கு இல்லாம அலசி விட்டாங்க. தேச்சதும் செம்பு அப்படியே சூரியன் மாதிரி ஜொலிக்கும். மறுநாள் நாலு விரக்கடை கூட ஏறியிருக்கும்.

நான் அளந்துகிட்டே வந்தேன். காலண்டர் பின்பக்கம் தினமும் குறிச்சேன். இருவதாம் நாள், மார்புக்குக் கீழ, விலாவைத் தாண்டி, தொப்புளுக்கு ஒரு சாண் மேல நின்னுச்சு. டாக்டரம்மா குடுத்த தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்துச்சு. வகுக்கத் தெரிஞ்ச யாருக்கும் புரிஞ்சிருக்கும், குழந்தைக்கு முன்னாடி செம்பு போய்ச் சேந்துடும்னு.

வயித்தை முழுசா மூடிட்டா என்ன ஆகும்னு கலியபெருமாள் பெரியப்பாகிட்ட கேட்டேன். பட்டறையில தொட்டிக்குப் பக்கத்துல நின்னுகிட்டு இருந்தவர் தொட்டிக்கு வர்ற கரண்டை அணைச்சாரு. அப்பறம் சொன்னாரு, பூச்சு மேலதான் நிக்கும்னு இத்தனை நாளா நினைச்சேன், கையில உணர்ச்சி போயிடுச்சுன்னு அந்தப் பொண்ணு சொன்னதுலேர்ந்து அப்படி நினைக்க முடியலன்னு. சொல்லிட்டுக் கையுறையை எடுத்து மாட்டிகிட்டாரு. அந்த மனுஷன் ஆசிட் கேனை வெறுங்கையால தூக்கறவர்.

இருங்க, பால் பொங்குது, அடுப்பை அணைச்சுட்டு வரேன்.

எங்க விட்டேன். ஆங், பெரியப்பாகிட்ட கேட்டது. மறுநாள் அமாவாசை, அக்கா சும்மா உக்கார முடியாம வடை சுட உக்காந்தா, சூடு தெரியாத கைன்னு எண்ணெய்க்குள்ளயே கையை விட்டுத் திருப்பினா, அப்ப எண்ணெய் தெறிச்சு அவ வயித்துல, புடவை விலகின இடத்துல, ஒரு ரூபாய் அளவுக்குப் பட்டுச்சு. சின்னதா சுட்டுச்சு, அங்க இன்னும் சுடும். அவ அதைக் கழுவ விடல, எரியுதுன்னு அன்னைக்குப் புளித் தேய்ப்பும் அந்த இடத்துல வேணாம்னுட்டா. காலையில நான் அளக்கப் போனா, செம்பு ரெண்டு விரக்கடை இறங்கியிருந்துச்சு, ஆனா அந்த எண்ணெய் பட்ட இடத்தை மட்டும் தொடாம, ஆத்துல கல்லு கிடந்தா தண்ணி ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போகுமே, அந்த மாதிரி சுத்திகிட்டு போயிருந்துச்சு, நடுவுல வட்டமா அக்காவோட தோலு.

நான் செருப்பு கூடப் போடாம ஓடினேன். பெரியப்பா, எண்ணெய் இருந்தா பூச்சு ஏறுமான்னேன். அவர், எண்ணெய்க் கையோட பொருளைத் தொடாதீங்க, கழுவிட்டு வாங்கன்னு முப்பது வருஷமா கத்திகிட்டு இருக்கேன், நீ என்ன இப்ப வந்து கேக்கறன்னு ஆரம்பிச்சவர், பாதியில நிறுத்திட்டாரு. அவர் பட்டறையில தொட்டியில போடறதுக்கு முன்னாடி புளித்தண்ணியில ஊறப் போட்ட சங்கிலிங்க ஒரு தட்டு நிறைய பளபளன்னு காத்துகிட்டு இருந்துச்சு, அவர் அதையே பாத்தாரு, நானும் அதையே பாத்தேன்.

"தினம் மூணு வேளை," அப்படின்னாரு மெதுவா. "நாமளே அவளைத் தேச்சுத் தேச்சு ஏத்தறதுக்குத் தயார் பண்ணியிருக்கோம் தில்லை. நானும் பாத்துகிட்டே இருந்திருக்கேன்."

அம்மாகிட்ட இதைச் சொன்னப்ப அவங்க அழல. புளி ஜாடியைத் தூக்கிக் கொண்டு போய்க் கொல்லையில கொட்டிட்டு, அந்தக் கையோட விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்துகிட்டு வந்து அக்கா வயித்துல ஊத்தினாங்க.

விளக்கெண்ணெய்தான் கெட்டி, நல்லெண்ணெய் இறங்கிடுது, தேங்காயெண்ணெய் வெயில்ல ஓடிடுது, இதெல்லாம் ரெண்டு நாள்ல தெருவே கத்துகிச்சு. ஆனா அது கத்திரி வெயில், வேர்வை எண்ணெயைத் தூக்கிகிட்டு போகும், புடவை உறிஞ்சிடும், அரை மணி நேரம் கண்ணசந்தா ஓரத்துல செம்பு ஒரு நூல் முன்னாடி வந்துடும். அதனால பெண்டுங்க முறை போட்டுகிட்டு வந்தாங்க, காலையில கண்ணி கோக்கறவங்க, மதியம் கம்பி வீட்டுக்காரங்க, சாயந்தரம் பங்கஜம் அத்தை, விசிறி ஒரு கையில எண்ணெய் ஒரு கையில. தண்ணிக்கு வந்தவங்கள்ல சிலர் முணுமுணுத்தாங்க, வாளியில எண்ணெய் மெதக்குது, இதை எப்படிக் குடிக்கறதுன்னு ஒரு ஆளு கேட்டாரு, அதுக்குப் பங்கஜம் அத்தை, குடிக்காட்டி தலையில தேச்சுக்கய்யா, இருக்கற நாலு முடியாவது நிக்கும்னாங்க. வரிசை கலைஞ்சு போச்சு. அத்தையோட மூட்டுவலி திரும்பி வந்துச்சு, அவங்க நொண்டிகிட்டே படியேறி வந்தாங்க.

கோடு நின்னுச்சு. தொப்புளுக்கு நாலு விரக்கடை மேல, எண்ணெய்க் கரைக்கு அந்தப் பக்கம், அது காத்துகிட்டு நின்னுச்சு. அக்கா தூங்கவே பயந்தா. புரண்டு படுத்தா எண்ணெய் துடைஞ்சிடும்னு சுவத்துல சாஞ்சே உக்காந்திருந்தா. நான் வேணும்னு செய்யல வேம்புன்னு ஒரு நாள் அவகிட்ட சொன்னேன். தெரியும்டி, கையை வச்சுச் சொல்லு, உதைக்குதான்னு கேட்டா.

ஒம்பது நாள் அப்படிப் போச்சு, பத்தாம் நாள் காலையில டிபன் நேரத்துல வலி வந்துச்சு. ஆட்டோவுல போறப்ப கூட நான் எண்ணெய் தடவிகிட்டேதான் போனேன். பெரியாஸ்பத்திரியில பிரசவ வார்டுக்குள்ள துணைக்கு ஒரு ஆளைத்தான் விடுவாங்க, அம்மா சீட்டு போடற வரிசையில நின்னதால நான் போனேன். அங்க இருந்த அமுதவல்லி சிஸ்டர் அக்காவைப் பாத்து அதிர்ச்சி எல்லாம் அடையல, செம்பு வீட்டுப் பொண்ணா நீன்னு மட்டும் கேட்டுட்டு, என்னம்மா இப்படி எண்ணெயில குளிச்சுட்டு வந்திருக்க, மிஷின் வழுக்குது, குழந்தையோட துடிப்பு கேக்கலன்னு, பஞ்சுல ஸ்பிரிட்டை நனைச்சு வயித்தைத் துடைக்க வந்தாங்க. நான் அவங்க கையைப் பிடிச்சுட்டேன். எண்ணெயை எடுத்தா செம்பு ஏறிடும்னு அழுதுகிட்டே சொன்னேன். அவங்க கோவப்படல. எனக்குத் துடிப்பு கேக்கணும்மா, கேக்காம நான் எப்படி இதைப் பாப்பேன்னாங்க. அக்கா பல்லைக் கடிச்சுகிட்டு, துடைக்கச் சொல்லுடி, எனக்கும் கேக்கணும்னா.

துடைச்சாங்க. மிஷின்ல துடிப்பு கேட்டுச்சு, குதிரை ஓடற மாதிரி தடதடன்னு. கேட்டுகிட்டு இருக்கறப்பவே, நாலு விரக்கடை தள்ளி பத்து நாளா நின்னுகிட்டு இருந்த செம்பு, மடை திறந்த மாதிரி, எங்க கண்ணு முன்னாடி, மூச்சு விடற வேகத்துல இறங்குச்சு. தொப்புளைத் தாண்டுச்சு. வட்டமா இருந்த அந்த எண்ணெய்ப் புண்ணை மூடுச்சு. மிஷின் சத்தம் தூரத்துல போற மாதிரி மெலிஞ்சுகிட்டே போய், அப்பறம் கேக்கல. வயித்துல சிஸ்டரோட மோதிரம் பட்டு டிங்னு ஒரு சத்தம் வந்துச்சு, கோயில்ல தீபாராதனை முடிஞ்சதும் மணியை வச்சுடுவாங்களே, அந்த மாதிரி ஒரு சின்ன சத்தம்.

முக்கும்மான்னாங்க சிஸ்டர், அவ்வளவுதான் சொன்னாங்க, திரும்பத் திரும்ப அதையே சொன்னாங்க, அக்கா முக்கினா, ரெண்டு செம்புக் கையாலயும் கட்டில் கம்பியைப் பிடிச்சு முக்கினா, கம்பி வளைஞ்சுது, எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியல, நான் அவ தலைமாட்டுல நின்னு கண்ணை மூடிகிட்டு, உதைக்குது வேம்பு, உதைக்குது வேம்புன்னு சொல்லிகிட்டே இருந்தேன்.

குழந்தை பிறந்ததும் அந்த வயிறு அமுங்குச்சு, அமுங்கினதும் அது மேல அவசரமா ஏறின செம்பு, அரைகுறையா எண்ணெய் இருந்த தோல் மேல ஏறினது, தாளு மாதிரி சுருங்கி, பொளந்து, சில்லு சில்லா கட்டில்லயும் தரையிலயும் கொட்டுச்சு. கையும் தோளும் அப்படியே இருந்துச்சு. யாரும் அதைப் பாக்கல. குழந்தை அழல.

பொண்ணு. உடம்பு முழுக்க, தலை, முதுகு, தொடை இடுக்கு எல்லாம், வெண்ணெய் அப்பின மாதிரி வெள்ளையா கொழகொழன்னு ஒரு பிசுக்கு. சிஸ்டர் மூக்குல இருந்ததை உறிஞ்சு எடுத்து, முதுகைத் தட்டினாங்க, அப்ப ஒரு இருமல், அப்பறம் அழுகை. துணியை எடுத்து அந்த வெள்ளையைத் துடைக்கப் போனாங்க.

"துடைக்காதீங்க," அப்படின்னா அக்கா. "அது எண்ணெய்தானே? உள்ளேர்ந்தே பூசிகிட்டு வந்திருக்கா. துடைக்காதீங்க."

சிஸ்டர் துணியைக் கீழ வச்சுட்டாங்க. எல்லாக் குழந்தையும் இதைப் பூசிகிட்டுத்தாம்மா வரும், எத்தனையோ துடைச்சிருக்கேன், எதுக்குன்னு இன்னைக்குத்தான் பாக்கறேன்னாங்க. ஆனா அக்கா கையை நீட்டல. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சுகிட்டா. அவ பாத்துகிட்டே இருந்தது குழந்தையோட உள்ளங்காலை, அங்க வெள்ளை கொஞ்சம் அழிஞ்சிருந்துச்சு, அழிஞ்ச இடம் செக்கச்செவேல்னு இருந்துச்சு. நான் தினமும் அளந்து பாத்த அதே செம்பு நிறம். நானும் பாத்தேன்.

சிஸ்டருக்குப் புரிஞ்சுது. குழந்தையை அக்கா முகத்துக்குப் பக்கத்துல கொண்டு வந்து, அந்தக் குட்டி உள்ளங்கால்ல பெருவிரலை வச்சு நல்லா அழுத்தினாங்க. செம்பா இருந்தா வெளுக்காது, பாத்துக்கன்னாங்க. விரலை எடுத்தாங்க. அழுத்தின இடம் வெளுத்துப் போய் வெள்ளையா இருந்துச்சு, நாங்க மூணு பேரும் மூச்சு விடாம அதையே பாத்தோம், அப்பறம் ஓரத்துலேர்ந்து சிவப்பு மெதுவா, ரொம்ப மெதுவா ஊறி வந்து, அந்த வெள்ளையை நிறைச்சுது. ரத்தம்.

அக்கா முகத்தை நீட்டி, இன்னும் செம்பு வராத கன்னத்தை அந்தக் காலு மேல வச்சுகிட்டா.

"இன்னொரு தடவ அழுத்துங்க சிஸ்டர்," அப்படின்னா.